நாலே வடிவத்தில் ஒரு வினைச்சொல்

நான் ஒழுங்காக ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தது இருபது வயதுக்கு மேல். புதுச்சேரியில் என் தலைமுறையில் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் பலருக்கும் இதே கதைதான். கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாம் பிரெஞ்சில். வீட்டிலும் தெருவிலும் தமிழ். ஆங்கிலம் வாரத்துக்கு மூன்று மணி நேரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி. பிரெவே தேறி, வேலை தேடும் வயது வந்தபோது பார்த்தால், அரசாங்க அலுவலகம் முழுக்க அந்த விருந்தாளியின் கைக்குப் போயிருந்தது.

1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1956 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறு விதமாக முடிவு செய்யாத வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என்று ஒரு விதி உண்டு. 1962 ஆகஸ்டில் சட்டப்படியான இணைப்பு. 1965ல் நம் சட்டமன்றம் ஆட்சிமொழிச் சட்டம் கொண்டு வந்தது. தமிழ் ஆட்சிமொழி, ஆங்கிலமும் தொடரலாம் என்றது. ஏட்டில் அப்படி. மேசையில் ஆங்கிலம்தான். 1972ல் எழுத்தராகச் சேர்ந்த என்னிடம் முதல் நாளே ஒரு கோப்பைக் கொடுத்து "நோட் போடு" என்றார்கள். ஆங்கிலத்தில்.

பயந்துகொண்டே இலக்கணப் புத்தகம் வாங்கினேன். பிரித்துப் பார்த்ததும் பயம் போய்விட்டது. அந்தத் தைரியத்தால் ஒரு வயதான அம்மாவுக்கு நான் செய்த தீங்கைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு "கோன்ழுகேசோன்" என்ற சொல்லைக் கேட்டாலே உள்ளங்கை அரிக்கும். வினைத்திரிபு. "பார்லே" (பேசுதல்) என்ற சாதாரண வினையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என ஆறு இடங்கள். நிகழ்காலம், இரண்டு வகை இறந்தகாலம், எதிர்காலம், கொந்திசியொனேல், சுப்ழொன்க்திஃப் இரண்டு. ஆக ஏழு வரிசை. ஏழாறு நாற்பத்திரண்டு கட்டங்கள். துணைவினை சேர்த்து எழுதுவது தனி. எங்கள் முசே காலை எட்டு மணிக்கு ஒரு வினைச்சொல்லைச் சொல்லி மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். நாங்கள் கோரஸாக ஒப்பிப்போம். ஒரு ஈறு தப்பினால் அந்த வினையை இருபது தடவை எழுத வேண்டும்.

ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது? "சர்வ்" என்று ஒரு வினை. பணிபுரிதல். அரசாங்க ஊழியனுக்குப் பொருத்தமான சொல். சர்வ், சர்வ்ஸ், சர்வ்டு, சர்விங். முடிந்தது. நாலே வடிவம். ஹேவ், பி, வில் என்ற துணைகளைப் பக்கத்தில் நிறுத்தி, அந்த நாலை வைத்தே பள்ளிப் புத்தகத்தின் பன்னிரண்டு காலங்களையும் நிரப்பிவிடலாம். இதைவிட வேடிக்கை, இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனதே பிரெஞ்சிலிருந்துதான். பிரெஞ்சில் "செர்வீர்" முரட்டு வினை. "ழ செர்", "நூ செர்வோன்" என்று தனி வழியில் போகும். ஆங்கிலத்துக்குப் போனதும் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டது.

ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ளும் ஆசை அப்போது முளைத்து, 2010ல் ஓய்வு பெற்ற பிறகுதான் நிறைவேறியது. படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம் இத்தனை எளிதாக இல்லை. இன்று "லவ்" என்று நிற்கும் வினை அன்று இப்படி இருந்தது: நான் என்றால் லுவியெ, நீ என்றால் லுவஸ்ட், அவன் என்றால் லுவத், நாங்கள் என்றால் லுவியத். இறந்தகாலத்தில் லுவொடெ, லுவொடெஸ்ட், லுவொடொன். எங்கள் முசே அந்தக் காலத்து இங்கிலாந்தில் பிறந்திருந்தாலும் மேசையைத் தட்டியிருப்பார்.

அன்றைய வினைகள் இரண்டு சாதி. ஒன்று, உள்ளே இருக்கும் உயிரெழுத்தை மாற்றி இறந்தகாலம் காட்டும் வன்வினை. சிங், சேங், சங் என்று இன்றும் இருப்பது அந்தக் குடும்பம். இன்னொன்று, கடைசியில் ஒரு "ட" ஒலியை ஒட்டிக்கொள்ளும் மென்வினை. அந்த "ட" ஒலிதான் இன்றைய "எட்" ஈறு. அது "செய்தேன்" என்ற பொருள் தரும் "டிட்" என்ற சொல்லின் தேய்ந்த வடிவம் என்று மொழியறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். "அன்பு செய்தேன்" என்று இரண்டு சொல்லாக இருந்தது ஒட்டி ஒன்றாகிப் போயிருக்கலாம்.

பிறகு 1066. நார்மண்டிக்காரன் வில்லியம் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்தான். அரண்மனை, நீதிமன்றம், நிலப்பதிவு எல்லாம் பிரெஞ்சுக்கும் லத்தீனுக்கும் போயின. ஆங்கிலம் வயலிலும் சமையலறையிலும் வாழ்ந்தது. பள்ளியில் உட்கார்ந்து ஈறுகளைக் காப்பாற்ற முசே யாரும் இல்லை. அதற்கு முன்பே வடக்கில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களோடு கலந்து பேசியதிலும், சொல்லின் முதல் அசையை அழுத்திக் கடைசி அசையை விழுங்கும் பழக்கத்திலும் ஈறுகள் தேய ஆரம்பித்திருந்தன. சில நூற்றாண்டுகளில் அ, ஒ, உ என்று வேறுவேறாக ஒலித்த ஈறுகள் எல்லாம் மங்கலான ஒரே "எ" ஆகி, பிறகு அதுவும் போயிற்று.

அதே சமயத்தில் பிரெஞ்சு வினைகள் ஆங்கிலத்துக்குள் கூட்டம் கூட்டமாகப் புகுந்தன. வந்தவை அநேகமாக எல்லாமே மென்வினை வரிசையில் சேர்ந்து "எட்" போட்டுக்கொண்டன. ஃபினிஷ், பனிஷ், அபாலிஷ், எஸ்டாப்ளிஷ் போன்ற சொற்களின் கடைசியில் இருக்கும் "இஷ்" என்ன தெரியுமா? "நூ ஃபினிஸோன்", "நூ புனிஸோன்" என்று நாங்கள் ஒப்பித்த இரண்டாம் பிரிவு வினைகளின் "இஸ்"தான் அது. ஆங்கிலேயன் வேரையும் ஈற்றையும் பிரித்துப் பார்க்காமல் சேர்த்தே தூக்கிக்கொண்டு போய்விட்டான். இதைப் படித்த அன்று இரவு தனியாகச் சிரித்தேன்.

1362ல் இங்கிலாந்து நாடாளுமன்றம், நீதிமன்ற வாதம் இனி ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று சட்டம் போட்டது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! அதற்குப் பிறகும் வக்கீல்களின் பிரெஞ்சும் லத்தீனும் ஒழிய 1733 வரை ஆயிற்று. ஆட்சி மாறுவது ஒரு நாளில். கோப்பு மாறுவதற்கு நூற்றாண்டுகள். நம் ஊர்ப் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது "நீ" தொலைந்த கதை. ஆங்கிலத்தில் "தௌ" என்றால் நீ, "யூ" என்றால் நீங்கள். பிரெஞ்சின் "த்யு", "வூ" மாதிரி. மரியாதைக்கு ஒருவரையே "யூ" என்று சொல்லும் வழக்கம் மேலிருந்து கீழே பரவி, 17ஆம் நூற்றாண்டில் பொதுப்பேச்சில் "தௌ" அருகிவிட்டது. எல்லோரும் கடவுள் முன் சமம் என்ற குவேக்கர் கூட்டத்தார் மட்டும் நீதிபதியைக்கூட "தௌ" என்றே அழைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். "தௌ" போனபோது அதற்குரிய "எஸ்ட்" ஈறும் கூடவே போயிற்று. நாம் இன்னும் "வந்தாய்", "வந்தீர்கள்" என்று இரண்டையும் வைத்திருக்கிறோம். அவர்கள் எல்லோருக்கும் மரியாதை கொடுக்கப் போய் ஒரு ஈற்றை இழந்தார்கள்.

"அவன்" என்பதற்குரிய ஈறு "எத்" ஆக இருந்தது. 1611ல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் எங்கும் "எத்"தான். ஆனால் அதே காலத்தில் வடநாட்டுப் பேச்சிலிருந்து வந்த "ஸ்" லண்டன் தெருக்களைப் பிடித்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இரண்டும் கலந்து வரும். கடைசியில் "ஸ்" வென்றது. நம் பிள்ளைகள் தேர்வில் மறந்துவிட்டு மதிப்பெண் இழக்கிறார்களே, அந்த "ஸ்" வடக்கிலிருந்து வந்த குடியேறி.

"எட்" ஈற்றை ஒரு காலத்தில் தனி அசையாகவே உச்சரித்தார்கள். அதை விழுங்கிச் சொல்வது நாகரிகமாகியபோது, ஜோனதன் ஸ்விஃப்ட் 1712ல் ஆங்கிலத்தைத் திருத்த ஒரு யோசனை எழுதி, இப்படி உயிரெழுத்தை விழுங்குவதால் மொழி கரடுமுரடாகிறது என்று வருத்தப்பட்டார். யாரும் கேட்கவில்லை. இன்று "வாக்ட்" என்பதில் ட் ஒலி, "கால்டு" என்பதில் டு ஒலி, "வான்டெட்" போன்றவற்றில் மட்டும் பழைய அசை. எழுத்து ஒன்று, ஒலி மூன்று. என் அலுவலகத்தில் எல்லாவற்றையும் "வாக்கெட்", "ஆஸ்கெட்" என்று சொன்ன ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். பாவம், அவர் பேசியது ஸ்விஃப்டுக்குப் பிடித்த ஆங்கிலம்!

மென்வினைகளின் பலம் பெருகிக்கொண்டே போனது. 2007ல் நேச்சர் இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்ற 177 வினைகளை எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். இடைக்காலத்தில் அவற்றில் 145 ஒழுங்கற்றவையாக இருந்தன. இன்று 98. மற்றவை "எட்" போட்டுக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டன. "ஹெல்ப்" என்பதன் பழைய வடிவம் "ஹோல்ப்". அடிக்கடி பேசப்படும் வினைகள் மட்டும் பிடிவாதமாகப் பழைய வடிவத்தில் நிற்கின்றன. குடும்பத்தில் அதிகம் புழங்கும் பாத்திரம் மட்டும் பரணுக்குப் போகாமல் இருப்பது போல.

காலம் போகட்டும், "மூட்" என்று ஒன்று உண்டு. பிரெஞ்சில் "மோத்". ஒரு செயலை நடந்ததாகச் சொல்கிறோமா, கட்டளையிடுகிறோமா, விரும்புகிறோமா, சந்தேகப்படுகிறோமா என்று வினையே காட்டுவது. ஆங்கிலத்துக்கு முதல் இலக்கணம் எழுதியவர் வில்லியம் புல்லோகர், 1586ல். ஜான் வாலிஸ் என்ற கணித மேதை 1653ல் லத்தீனில் ஆங்கில இலக்கணம் எழுதி, "ஷேல்", "வில்" இரண்டையும் எந்த இடத்தில் போட வேண்டும் என்று விதித்தார். அந்த விதியை நானும் மனப்பாடம் செய்தேன். உண்மையில் "ஷேல்" என்றால் கடன்பட்டிருக்கிறேன், "வில்" என்றால் விரும்புகிறேன் என்று முன்பு பொருள். எதிர்காலத்துக்கென்று ஆங்கில வினைக்கு ஈறே கிடையாது. கடனையும் விருப்பத்தையும் வைத்தே நாளையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1795ல் லிண்ட்லி மர்ரே எழுதிய இலக்கணம் லத்தீனைப் பார்த்து ஐந்து மூடுகள் என்று பிரித்தது. ஆனால் சொல்லில் அந்த ஐந்துக்கும் தனி உருவம் இல்லை. பழைய சப்ஜங்டிவில் மிஞ்சியது கொஞ்சம்தான். அரசர் நீடு வாழ்க என்று அவர்கள் வாழ்த்தும்போது "சேவ்ஸ்" என்று சொல்லாமல் "சேவ்" என்கிறார்களே, அங்கே. நம் நாடாளுமன்றச் சட்டங்கள் எல்லாம் "பி இட் எனாக்டட்" என்று தொடங்குகின்றனவே, அங்கே. நம் வியங்கோள் "க" செய்யும் வேலை. மற்ற எல்லாவற்றுக்கும் வுட், ஷுட், மே, மைட் என்று துணைவினைகளைத்தான் கூப்பிட வேண்டும்.

இங்கேதான் நான் வழுக்கினேன்.

1974 என்று நினைவு. ஒரு வயதான அம்மா குடும்ப ஓய்வூதியம் கேட்டு மனுக் கொடுத்திருந்தார். கணவர் பிரெஞ்சு ஆட்சியில் பியூனாக இருந்து, பிறகும் தொடர்ந்து வேலை பார்த்துக் காலமானவர். பிரெஞ்சுக் காலத்துப் பதினோரு வருடத்தைச் சேர்த்தால்தான் தகுதி வரும். அந்தக் காலப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. கோப்பில் இருந்தது பழைய அதிகாரி ஒருவர் பிரெஞ்சில் எழுதிய குறிப்பு மட்டும். உடன் வேலை பார்த்த இருவரை விசாரித்து எழுதியது. அதில் "இல் ஓரே செர்வி" என்று இருந்தது. பிரெஞ்சு தெரிந்த பையன் என்று மொழிபெயர்க்க என்னிடம் வந்தது.

கொந்திசியொனேல் என்றால் "வுட்" என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "ஹி வுட் ஹேவ் சர்வ்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன்.

பிரெஞ்சில் கொந்திசியொனேலுக்கு இன்னொரு வேலை உண்டு. நேரில் பார்க்காததை, பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வதற்கும் அதே வடிவம்தான். பத்திரிகைகளில் தினமும் வரும். அந்த அதிகாரி எழுதியதன் பொருள், "அவர் பணிபுரிந்ததாகச் சொல்கிறார்கள்" என்பது. நான் எழுதிய ஆங்கிலத்தின் பொருளோ, "அவர் பணிபுரிந்திருப்பார்". அதாவது, ஏதோ காரணத்தால் பணிபுரியவில்லை. மேலதிகாரி அப்படித்தான் படித்தார். அவர் மேல் தப்பில்லை. மனுவை நிராகரிக்கலாம் என்று சிபாரிசு எழுதினார். அதில் பிழையில்லாத சப்ஜங்டிவ் இருந்தது!

சில வாரம் கழித்து அந்த அம்மா ஒரு காகிதத்தோடு என் மேசைக்கு வந்தார். "தம்பி, இங்கிலீசுல வந்திருக்குது. என்னா எழுதியிருக்குதுன்னு பாத்துச் சொல்லேன்" என்றார். வாங்கிப் படித்தேன். மனுதாரரின் கணவர் குறிப்பிட்ட காலத்தில் பணியாற்றவில்லை என்று ஆவணத்திலிருந்து தெரிவதால் என்று தொடங்கியிருந்தது. எந்த ஆவணம் என்று எனக்குத்தானே தெரியும்?

"அவரு வேல பாக்கலன்னா எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவர் கத்தவில்லை, அழவும் இல்லை. "காக்கி உடுப்ப நாந்தானே தோச்சுப் போட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

"இருங்கம்மா, இன்னொரு தடவை பார்க்கச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டு, அன்று இரவு தூங்காமல் யோசித்தேன். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். தப்பை ஒப்புக்கொண்டால் என்ன ஆகுமோ என்ற பயம். மூன்று நாள் கோப்பைத் தொடவில்லை. நாலாம் நாள், என் மொழிபெயர்ப்புத் தவறானது, "இஸ் ரிப்போர்டட் டு ஹேவ் சர்வ்டு" என்று திருத்திப் படிக்க வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். திட்டு விழுந்தது. வேறொன்றும் ஆகவில்லை. கோப்பு மறுபடி திறந்தது. சாட்சிகள் இருவரில் ஒருவர் அதற்குள் காலமாகியிருந்தார். மற்றவர் காரைக்காலில் இருந்தார். அவரிடம் வாக்குமூலம் வாங்கி, ஓய்வூதியம் உத்தரவாகும்போது எட்டு மாதம் ஓடிவிட்டது. அந்தச் சாட்சியும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

உத்தரவு வந்த அன்று அந்த அம்மா எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தார். "நீதான் தம்பி எனக்காக ஓடியாடின" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். எட்டு மாதம் தாமதம் என்னால்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு சொல்லவும் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

பல வருடம் கழித்து ஒரு நாள் எனக்கு உறைத்தது. அந்தப் பிரெஞ்சு வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்திருந்தால் தப்பே நேர்ந்திருக்காது. "பதினோரு வருசம் வேலை பார்த்தாராம்." கேட்டதைச் சொல்கிறோம் என்பதைக் காட்ட நமக்கு ஒரு "ஆம்" போதும். படிக்காத கிழவி முதல் பேரக் குழந்தை வரை யாரும் அதில் தப்புவதில்லை. பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நின்ற எனக்கு, வீட்டில் பேசும் மொழி அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அலுவலகத்துக்குள் நுழையும்போது அதைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது என் பேரனுக்கு நான்தான் ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறேன். சர்வ், சர்வ்ஸ், சர்வ்டு, சர்விங் என்று நாலையும் ஒப்பித்துவிட்டு "அவ்வளவுதானா தாத்தா?" என்றான் போன ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "தமிழில் இதை எப்படிச் சொல்வாய், முதலில் அதைச் சொல்" என்றேன்.